நூற்றிருபது கிராம்

அக்டோபர் 9, திங்கள்

வெறும் வயிற்றில் 172. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 240.

சர்க்கரை அளவைத் தினமும் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். விதைக் கம்பெனி கொடுத்த டைரிகளில் ஒன்று மிச்சம் கிடந்தது. ஒன்பது மாதம் வெள்ளையாக இருந்த டைரியில் இரண்டு எண்களை மட்டும் எழுதினால் பக்கம் வீணாகிறது. அதனால் மற்றதையும் எழுதலாம் என்று இருக்கிறேன்.

சாயங்காலம் பிச்சைப்பிள்ளை துண்டில் முடிந்து பத்துப் பருத்திப் பூ கொண்டுவந்தான். ஒன்றுகூட விரியவில்லை. இதழெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, முறுக்கிய ரோஜா மொட்டு மாதிரி இருந்தது.

“என்னாக்கா இது, வாயைத் தொறக்க மாட்டேங்குது?”

“பனி ஏறிப்போச்சு. வெயில் வந்தா விரியும்.”

“அதானே! நீங்க சொன்னா சரி” என்று என் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான். இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வழக்கம்போல ஏழு மணி வரை பேச்சு.

அவர்கள் போனபின் ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தேன். இதழ்களை நூலால் தைத்ததுபோலக் கட்டிவிட்டு, உள்ளே அரிசி நொய் அளவுக்கு ஒரு புழு இருந்தது. இருக்கக் கூடாது. நான் விற்ற பருத்தி, செடிக்குள்ளேயே விஷம் வைத்த பருத்தி. தின்றால் புழு செத்துப்போகும் என்பதுதான் அதன் பெருமை.

அக்டோபர் 12, வியாழன்

180. வெயில் நன்றாக அடித்தது. பூ விரியவில்லை.

அக்டோபர் 18, புதன். தீபாவளி

அளக்கவில்லை. அதிரசம் சாப்பிட்டதால் பயம்.

மகள் மணிமொழி ஓசூரிலிருந்து கூப்பிட்டாள். நாலு நிமிஷம். “கடையை மூடிட்டு இங்க வந்துடேம்மா” என்றாள். ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்வாள். நானும் ஒவ்வொரு பண்டிகைக்கும் “அறுவடை முடியட்டும்” என்பேன். அவள் அப்பா போய்ப் பன்னிரண்டு அறுவடை முடிந்துவிட்டது.

கடை முன்னால் பையன்கள் வெடி வைத்தார்கள். பெஞ்சுக்கு யாரும் வரவில்லை. பண்டிகை நாளில் யார் வருவார்கள்.

ஒரு காலத்தில் தினமும் பெஞ்சுக்கு வந்த மருதை எப்படியும் வருவதில்லை. மூன்று வருஷமாக இந்தப் பக்கமே வருவதில்லை, சாமான் வாங்கும் நாளைத் தவிர. காரணம் எனக்குத் தெரியாது.

நவம்பர் 3, வெள்ளி

165.

காய் முற்ற ஆரம்பித்துவிட்டது. இந்தப் புழுவின் கெட்டிக்காரத்தனம் இதுதான்: குஞ்சிலேயே காய்க்குள் போய்விடுகிறது, போன ஓட்டையும் மூடிக்கொள்கிறது. வெளியே பார்த்தால் பச்சைக் காய், தளதளவென்று இருக்கும். வெட்டிப் பார்த்தால் பஞ்செல்லாம் மஞ்சள் கறை, கொட்டையைக் குடைந்துகொண்டு ரோஸ் நிறத்தில் புழு. நான் எத்தனை மருந்து கொடுத்தாலும் உள்ளே போகாது. அது தெரிந்தே மூன்று நாளில் நாற்பது பாட்டில் விற்றேன். கேட்பவனுக்குக் கொடுக்காமல் இருந்தால் அடுத்த கடைக்குப் போவான். நான் கடைக்காரி.

நவம்பர் 14, செவ்வாய்

பருத்தி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மெர்லின். நாகர்கோவில் பக்கம். முப்பது வயது இருக்கும், டாக்டர் பட்டம், பேன்ட் முழங்கால் வரை சேறு. ஊருக்குள் அதற்குள் ‘பூச்சி மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். டப்பா டப்பாவாகப் புழு பிடித்து வைத்திருந்தாள்.

“நூறு காய் உடைச்சேன், எழுபத்தெட்டுல புழு இருக்கு” என்றாள். “எல்லாம் விஷத்தைத் தின்னுட்டு நல்லா இருக்கு.”

“போலி விதையா இருக்குமோ?” என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன். என் விதை போலி இல்லை என்று எனக்குத் தெரியும். பில் இருக்கிறது.

“இலையைச் சோதிச்சாச்சு அம்மா. விஷம் சரியான அளவுல இருக்கு. புழுதான் மாறிட்டுது.”

ஒரு பருத்தி இலையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மிளகுத் தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். அதை இருபது வருஷமாகப் பார்க்கிறேன், என்னவென்று கேட்டதில்லை. அது செடி தனக்குத்தானே வைத்துக்கொண்ட விஷமாம். பருத்திக்கொட்டையை மாட்டுக்கு வைக்கலாம், கோழிக்கு வைக்கக் கூடாது என்று நாம் சொல்வது அதனால்தானாம். வாய் வைக்க வந்த எத்தனையோ பூச்சியை அது விரட்டிவிட்டது. தாங்கிக்கொண்ட சிலதில் இந்தப் புழுவும் ஒன்று. அதனால்தான் மனிதன் இரண்டாவதாக ஒரு விஷத்தைச் செடிக்குள் புகுத்தினான். இப்போது அதையும் தாங்கிவிட்டது.

“எப்படிம்மா பழகுச்சு?”

“பழகலை. பழகறதுன்னா ஒரே ஆள் மாறணும். இங்க தாங்காததெல்லாம் செத்துப்போச்சு. லட்சத்துல ஒண்ணு ரெண்டு பிறக்கும்போதே தாங்குற மாதிரி பிறந்திருக்கும். அதுங்க மட்டும் மிஞ்சி, அதுங்களுக்குள்ளேயே சேர்ந்து பெருகிடுச்சு. இப்ப இருக்கறது எல்லாமே அதுங்க வம்சம்.”

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. நான் கழிவுப் பஞ்சு வாங்கி விற்க ஆரம்பித்தபோது இந்தக் கைகாட்டி முக்கில் இருபது பெண்கள் அதே தொழில் செய்தோம். வியாபாரி தராசில் ஏமாற்றுவான், கையைப் பிடிப்பான், பேசக் கூடாததைப் பேசுவான். பத்தொன்பது பேர் போய்விட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்து, கஷ்டம் அவளை உருக்காக்கிவிட்டது என்பார்கள். ஒன்றும் ஆக்கவில்லை. தோல் தடித்தவள் மிஞ்சினேன், அவ்வளவுதான்.

கிளம்பும்போது மெர்லின் கேட்டாள்: “அம்மா, விதைப் பெட்டியோட ஒரு சின்னப் பாக்கெட் வருமே, சாதா பருத்தி விதை. அதை யாராவது ஓரத்துல விதைச்சாங்களா?”

“நான் விதைதான் விற்கிறேன். யார் எங்க விதைச்சாங்கன்னு காட்டுக்குப் போய்ப் பார்க்கறதில்லை” என்றேன்.

அது உண்மைதான்.

நவம்பர் 27, திங்கள்

190. பெஞ்சில் மூன்று பேர்.

நவம்பர் 29, புதன்

பெஞ்சில் யாரும் இல்லை. கருங்கல் ஜல்லி லாரிக்காரன் ஒருவன் வழி கேட்டான். பதிலைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

ஊரில் என் விதைதான் போலி என்று பேச்சு. முந்நூறு ஏக்கர் போய்விட்டது. எடுக்கிற பஞ்சு பாதி மஞ்சள், ஆலைக்காரன் கையால் தொட மறுக்கிறான். காலையில் தண்ணீர்க் குழாயில் என் முறை வந்தபோது முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். குடம் நிரம்பும் சத்தம் அவ்வளவு நேரம் கேட்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

டிசம்பர் 6, புதன்

மெர்லின் மறுபடி வந்தாள். மத்தியானம் என்னோடு சாப்பிட்டாள். முருங்கைக்காய்க் குழம்பும் அப்பளமும். இரண்டு பேருக்குச் சமைக்க உப்பு அளவு மறந்துவிட்டது எனக்கு. கரித்தது. நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டாள்.

அந்தச் சின்னப் பாக்கெட் எதற்கு என்று நானே கேட்டேன். பதினைந்து வருஷம் விற்ற சரக்கைப் பற்றி இப்போது கேட்கிறேன்.

அப்பளத்தைத் தட்டின் நடுவில் வைத்தாள். “இது விஷப் பருத்தி. சுத்தி ஓரத்துல சாதா பருத்தி. ஓரத்துல விஷம் இல்லை, அதனால அங்க சாதாரணப் புழு ஆயிரக்கணக்குல வளரும். நடுவுல தப்பிப் பிழைச்ச ஒண்ணு ரெண்டு பலசாலி, அந்தி ஆனா ஜோடி தேடும். சுத்தி இருக்கறது பூரா ஓரத்துப் பூச்சி. அதோடதான் சேரும். பிறக்கிற குஞ்சுக்குப் பாதி பலம்தான். விஷத்தைத் தின்னா செத்துடும். ஓரம் இல்லைன்னா பலசாலிக்குப் பலசாலியேதான் ஜோடி.”

“அப்ப புழுவைக் காப்பாத்தத்தான் அந்தப் பாக்கெட்டா?”

“பலவீனமான புழுவைக் காப்பாத்த. அதுங்க இருந்தாத்தான் அம்மா நமக்குப் பாதுகாப்பு.”

“இனிமே இந்தப் பலசாலியை ஒண்ணும் செய்ய முடியாதா?”

“அதுக்கும் ஒரு நஷ்டம் இருக்காம். புது விஷத்தைத் தாங்குறது, செடியோட பழைய விஷத்துல, அந்தக் கறுப்புப் புள்ளியில, கொஞ்சம் தடுமாறுதுன்னு ஆராய்ச்சி இருக்கு. புது விஷமே இல்லாத இடத்துல சாதாப் புழுவோட போட்டி போட முடியாது. ஆனா போட்டி போடச் சாதாப் புழு வேணுமே.”

அவள் போனபின் பாத்திரம் தேய்த்தேன். இரண்டு தட்டு.

எழுதத்தான் வேண்டும். அந்தப் பாக்கெட் நூற்றிருபது கிராம். பெட்டியைப் பிரித்தால் மேலேயே கிடக்கும். “இதென்னக்கா?” என்று கேட்பார்கள். “சாதா விதை. விளையாது, புழுதான் திங்கும். தூக்கிப் போடு” என்பேன். ஒருவரிடம் இல்லை, எல்லோரிடமும். ஓரத்து நாலு வரிசையை வீணாக்க எந்த விவசாயிக்கு மனசு வரும்? நான் சொன்னதும் முகம் மலரும். அக்கா நம்ம ஆளு என்று பெஞ்சில் உட்காருவார்கள்.

பெட்டிக்குள் ஒரு காகிதமும் இருந்தது. கட்டாயம் விதைக்க வேண்டும் என்று தமிழிலேயே போட்டிருந்தான். நான் படிக்கத் தெரியாதவள் இல்லை.

டிசம்பர் 16, சனி

148! இரண்டு மாதத்தில் இதுதான் குறைவு.

பிச்சைப்பிள்ளையோடு எட்டுப் பேர் வந்தார்கள். பெஞ்சு கொள்ளவில்லை, இரண்டு பேர் உர மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். டீக்கடையில் ஒன்பது டீ சொன்னேன்.

விஷயம் இது. நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி பதில் அனுப்பிவிட்டது: ஓரத்தில் சாதா விதை விதைக்கவில்லை, தப்பு விவசாயிகள் மேல், ஒன்றும் தர முடியாது. ஜனவரி 23-இல் வட்டார அலுவலகத்தில் விசாரணை.

“பெட்டியில பாக்கெட்டே இல்லேன்னு நாங்க எழுதிக் குடுத்துட்டோம்க்கா” என்றான் பிச்சைப்பிள்ளை. “நீங்களும் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. கடைக்காரவங்களே சொன்னா அப்பீலே கிடையாது.”

“இருந்துச்சேப்பா.”

“இருந்துச்சு. யாரு இல்லேன்னா? எங்க இருந்துச்சுன்னுதான் பேச்சு. உங்க குப்பைக்கூடையில இருந்துச்சு.” எல்லோரும் சிரித்தார்கள். கோபமாக இல்லை. பழைய மாதிரி.

“எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சா?”

“மருதையைத் தவிர. பாக்கெட் இருந்துச்சு, பொய்யா எழுத மாட்டேங்கிறான். அவன் கெடக்கான் விடுங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போலி விதை என்று பேசியதை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஏழரை மணி வரை இருந்தார்கள். கிளம்பும்போது “வர்றோம்க்கா” என்றார்கள். ஒன்பது பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

டிசம்பர் 22, வெள்ளி

கம்பெனிப் பிரதிநிதி காரில் வந்தான். சட்டையில் பேனா, வாயில் ஏலக்காய்.

“மேடம், பாக்கெட் இருந்துச்சுன்னு உள்ளதைச் சொல்லுங்க, போதும். அதுக்கு மேல அவங்க கேட்டாத்தானே? அடுத்த வருஷம் மூணு வட்டாரத்துக்கும் மொத்த விற்பனை உங்களுக்குத்தான்.”

ஆக இரண்டு பக்கமும் என்னிடம் ஒரு வார்த்தைதான் கேட்கிறது. இவனுக்கு ‘இருந்தது’, அவர்களுக்கு ‘இல்லை’. வியாபாரியாகக் கணக்குப் போட்டால் இவன் கொடுப்பது பெரிசு. ஆனால் மூன்று வட்டாரத்துக்கு விற்றாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு இந்தக் கடையில்தானே நான் உட்கார வேண்டும்.

முழுசாகச் சொன்னால் — பாக்கெட் இருந்தது, தூக்கிப் போடச் சொன்னவள் நான் — லைசென்ஸ் போய்விடும். இரண்டு பேருக்கும் வேண்டாதவள் ஆவேன். அது விலை போகாத சரக்கு.

டிசம்பர் 31, ஞாயிறு

வாரம் முழுக்கப் பெஞ்சு நிறைந்திருக்கிறது. சர்க்கரை 150-ஐத் தாண்டவில்லை. வடை வாங்கி வந்தார்கள், நான் ஒன்றுதான் சாப்பிட்டேன். இல்லை, இரண்டு.

ஜனவரி 3, புதன்

கம்பெனிக்காரன் இந்த வருஷ டைரியை எல்லாக் கடைக்கும் கொடுத்துவிட்டுப் போனான், எனக்குத் தரவில்லை. விசாரணை முடியட்டும் என்று வைத்திருக்கிறான் போல. பழைய டைரியின் பின்னால் ‘முகவரிகள்’ என்று இருபது பக்கம் இருக்கிறது. ஒரு பெயர்கூட எழுதாத பக்கங்கள். இனி அதில் எழுதுகிறேன்.

ஜனவரி 9, செவ்வாய்

மருதை வந்தான். சாமான் வாங்கத்தான். வெங்காயத்துக்கு ஒரு மூட்டை உரம். காலர் கிழிந்த அந்த நீலச் சட்டை. அதைத் தைக்க ஆளில்லை, அவன் பெண்சாதி போய் ஆறு வருஷம் ஆகிறது.

“மனுவுல நீ மட்டும் கையெழுத்துப் போடலையாமே?”

“ஆமாங்க கடைக்காரம்மா.”

“உனக்கும் நாலு ஏக்கர் போச்சு. ஈடு வந்தா உனக்கும்தானே வரும்?”

“பாக்கெட்டை நான் கையால தொட்டிருக்கேன். இல்லேன்னு எப்படி எழுதறது?” மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அவ்வளவுதான்.

ஊரில் பெரியவன் சின்னவன் எல்லோரும் என்னை அக்கா என்பார்கள். மருதை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரு காலத்தில் கடை திறந்ததும் முதலில் வருவான், மூடும்போது கடைசியில் போவான். பேப்பரை நான் படிக்க அவன் கேட்பான்.

அவன் ஏன் வருவதில்லை என்று தெரியாது என அக்டோபரில் எழுதியிருக்கிறேன். பொய்யை அடிக்க மனமில்லை, இருக்கட்டும். இங்கே சரியாக எழுதிவிடுகிறேன்.

ஊரில் அந்தப் பாக்கெட்டை ஒழுங்காக விதைத்தவன் மருதை ஒருவன்தான். காகிதத்தை யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டு, நாலு பக்கமும் ஓரம் விட்டு, மூன்று வருஷம் விதைத்தான். அந்த வரிசைகளில் புழு அப்பியிருக்கும், அவன் மருந்தடிக்க மாட்டான். ஒருநாள் பெஞ்சு நிறைய ஆள் இருந்தபோது நான் கேட்டேன்: “என்னா மருதை, புழுவுக்குப் பந்தி வெச்சிருக்கியாமே? மொய் எவ்வளவு விழுந்துச்சு?”

பதினைந்து பேர் சிரித்தார்கள். மருதையும் சிரித்தான். மறுநாளிலிருந்து அவனுக்குப் பெயரே பந்தி மருதை.

அடுத்த ஆடியில் விதை வாங்க வந்தான். பெட்டியைப் பிரித்தான். சின்னப் பாக்கெட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தான். பெட்டியோடு போனவன், அதன்பின் உட்காரவில்லை.

ஊரில் கடைசி ஓரம் அதுதான். அதையும் நான்தான் பிடுங்கினேன்.

ஜனவரி 14, ஞாயிறு. பொங்கல்

பிச்சைப்பிள்ளை வீட்டிலிருந்து தூக்கு நிறையப் பொங்கலும் கரும்பும் வந்தது. மணிமொழி கூப்பிட்டாள். பேச நேரமில்லை, ஆள் இருக்கிறார்கள் என்று வைத்துவிட்டேன். பெருமையாக இருந்தது.

ஜனவரி 20, சனி

பெஞ்சில் பேச்சு மருதையைப் பற்றிப் போனது. “பந்தி மருதைக்கு நஷ்டஈடு எதுக்குடா, அவனுக்குத்தான் மொய் வந்துருக்குமே!” என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

210. எதுவும் தின்னவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வட்டார அலுவலகத்தில் பெரிய அறை. ஒரு பக்கம் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர். எதிரே ஊர்க்காரர்கள் நாற்பது பேர். நடுவில் அதிகாரி, பக்கத்தில் மெர்லின் கணக்குத் தாள்களோடு. எனக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியவில்லை. பிச்சைப்பிள்ளை தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றான். மருதை வரவில்லை.

அதிகாரி கேட்டார்: “நீங்க வித்த பெட்டியில சாதா விதைப் பாக்கெட் இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சுங்க. ஒவ்வொரு பெட்டியிலயும்.”

பின்னால் நாற்பது பேர் மூச்சை இழுத்தது கேட்டது. கம்பெனிக்காரன் பேனாவை மூடினான்.

“இன்னும் முடியலை” என்றேன். “அதை விதைக்க வேண்டாம், தூக்கிப் போடுன்னு சொன்னது நான். பதினஞ்சு வருஷமா எல்லார்கிட்டயும் சொன்னேன். இவங்க என் பேச்சைத்தான் கேட்டாங்க. இவங்க மேல தப்பில்லை.”

“என்னாக்கா பேசறீங்க!” என்று பிச்சைப்பிள்ளை கத்தினான். கம்பெனிக்காரனும் எழுந்துவிட்டான்: “இந்தம்மா சொந்த அபிப்பிராயத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை சார்.”

“உங்க ஆளு வருஷம் நாலு தடவை என் கடைக்கு வந்து டீ குடிச்சிருக்காரு” என்றேன். “அந்தப் பாக்கெட்டுங்க கிடக்கற குப்பைக்கூடையைத் தாண்டித்தான் உள்ள வருவாரு. ஒருநாளும் அதென்னன்னு கேட்டதில்லை. விதைச்சாங்களா இல்லையான்னு காட்டுல வந்து பார்த்ததில்லை.”

அதிகாரி கையைக் காட்டி எல்லோரையும் உட்கார வைத்தார். “எதுக்கும்மா அப்படிச் சொன்னீங்க? அதனால உங்களுக்கு என்ன லாபம்?”

லாபம் என்ற சொல்லுக்கு என்னிடம் எப்போதும் பதில் இருக்கும். சொன்னேன்: “அவங்களுக்குப் பிடிச்சதைச் சொன்னேங்க. அதைக் கேக்கத்தான் சாயங்காலம் வந்து உக்காருவாங்க. வேற லாபம் இல்லை.”

யாரும் சிரிக்கவில்லை.

“ஒருத்தர் மட்டும் விதைச்சாரு. மருதைன்னு. அவரை நாலு பேர் முன்னால கேலி பண்ணி நிறுத்தினதும் நான்தான். அதையும் எழுதிக்குங்க.”

மெர்லின் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். அதிகாரி எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஊர்க்காரர்கள் பதினோரு பேர் இருந்தார்கள். என் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாக வந்தது. நின்றுகொண்டே வந்தவர்கள் நாலு பேர்.

ஜனவரி 29, திங்கள்

லைசென்ஸ் ஆறு மாதம் நிறுத்தம். அலுவலக ஆள் ஒருவன் நோட்டீஸை ஷட்டரில் ஒட்டிவிட்டுப் போனான். பசை நல்ல பசை.

ஊர்க்காரர்கள் மனு முடியவில்லையாம். கடைக்காரர் தப்பாகச் சொல்லி, கம்பெனியும் கண்காணிக்காமல் விட்டிருப்பதால் விவசாயி மேல் முழுப் பழியையும் போட முடியாது என்று மேலே அனுப்பியிருக்கிறார்கள். பாதியாவது வரலாம் என்று மெர்லின் போனில் சொன்னாள். இதை யாரும் எனக்கு நன்றியாக வைத்துக்கொள்ளப் போவதில்லை. ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முழுசாக வந்திருக்கும் என்பதுதான் ஊர்ப் பேச்சு. சரியான பேச்சுதான், கணக்குப்படி.

பிப்ரவரி 2, வெள்ளி

இன்று யாரோடும் பேசவில்லை. தயிர்க்காரியும் பாத்திரத்தை வைத்துவிட்டு மணியடித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மணிமொழியிடம் நடந்ததைச் சொன்னேன். “கிளம்பி வாம்மா” என்றாள். இந்தத் தடவை சடங்குக்குச் சொன்ன மாதிரி இல்லை. அறுவடை முடியட்டும் என்று சொல்ல வாய் வந்தது. முடிந்துவிட்டதே. “பார்க்கறேன்” என்றேன். நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறோம்.

பிப்ரவரி 8, வியாழன்

பஞ்சு எடுத்து முடிந்தபின்னும் பருத்திச் செடியை யாரும் பிடுங்கவில்லை. மழை வந்தால் மறுபடி நாலு காய் காய்க்காதா என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தக் காய்ந்த காய்களுக்குள் புழு சுருண்டு தூங்கும், அடுத்த ஆடிக்கு எழுந்து வரும். மாரை, அந்தக் காய்ந்த செடியை, வேரோடு பிடுங்கி எரித்தே ஆக வேண்டும் என்று மெர்லின் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனாள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் சொன்னால் கேட்பார்கள் என்பது போன வருஷத்துக் கதை.

மருதை காட்டில் மட்டும் புகை தெரிகிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

கடை வைத்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் யார் காட்டுக்கும் போனதில்லை. எல்லோரும் என்னிடம் வருவார்கள், நான் மேசைக்குப் பின்னால் இருப்பேன். இன்று காலை எட்டு மணிக்குப் பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை வழியே நடந்தேன். முக்கால் மணி நேரம். கால் வீங்கிவிட்டது.

மருதை தனியாக மார் பிடுங்கிக்கொண்டிருந்தான். நாலு ஏக்கரில் ஒன்று முடிந்திருந்தது. தரை இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு செடிக்கும் இரண்டு மூன்று முறை தம் கட்டி இழுத்தான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான், மறுபடி குனிந்துகொண்டான்.

செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்றேன். வரும்போது நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். விசாரணையில் சொன்னதையே அவனிடம் சொல்ல வேண்டும் என்று. நாற்பது பேர் முன்னால் வந்த வார்த்தை ஒருவன் முன்னால் வரவில்லை.

அவன் ஒரு வரிசை முடித்து என் பக்கத்து வரிசைக்கு வந்தான். செருப்பில்லாத என் காலைப் பார்த்தான்.

“வேலை பார்க்கத்தானே வந்தீங்க?”

“ஆமாம்.”

“நின்னுக்கிட்டிருந்தா மார் தானா வருமா? குனிங்க. வேரோட வரணும், பாதியில முறிச்சுடாதீங்க.”

குனிந்தேன். முதல் செடி முறிந்துவிட்டது. இரண்டாவது வேரோடு வந்தது.

பதினோரு மணிக்கு அவன் தூக்கைத் திறந்து கம்மங்கூழை மூடியில் ஊற்றி நீட்டினான். சர்க்கரை இருக்கிறது, கூழ் குடிக்கலாமா என்று டாக்டரைக் கேட்கவில்லை. குடித்தேன். வெயில் ஏறும் வரை பத்து வரிசை ஆகியிருந்தது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம், பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் கோணல் மாணலாக இருக்கிறது.

இன்னும் மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. நாளைக்கு ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறான்.